ரவுண்டு பில்டிங்கின் மாடிப்படி

திண்டுக்கல்லில் பழசு என்றால் எல்லாரும் மலைக்கோட்டையைத்தான் காட்டுவார்கள். அப்புறம் அம்மன் கோயில், எங்கள் மாதா கோயில், பள்ளிவாசல். கடைத்தெரு முக்கில் நின்ற ரவுண்டு பில்டிங்கை யாரும் அந்த வரிசையில் சேர்த்ததில்லை. அது சிமெண்டு கட்டடம். எங்கள் அப்பா காலத்தில் எழுந்தது. கல்தூண் இல்லை, சிற்பம் இல்லை, ராஜாவும் கட்டவில்லை, வெள்ளைக்காரனும் கட்டவில்லை. தோல் வியாபாரத்தில் மேலே வந்த ஒரு கிறிஸ்தவப் பெரியவர், வாடகைக்கு விடுவதற்கென்று கட்டியது. கீழே மருந்துக்கடை, செருப்புக்கடை, டீக்கடை. மாடியில் ஒரு பல் டாக்டர், ஒரு ஆடிட்டர், எங்கள் தையல் கடை. இதில் பெருமை பேச என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் எனக்கு அப்போது பதில் தெரிந்திருக்காது.

என் வீட்டுக்காரிக்குத் தெரியும்.

அவளுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். தையலை மட்டும் ஆண்டவர் அவள் கையில் அள்ளிக் கொட்டியிருந்தார். கல்யாணமான புதிதில் கடைக்கு இடம் தேடி அலைந்தோம். கீழ்க்கடை வாடகை எங்களுக்குக் கட்டாது. மாடி என்றால் அவளால் ஏற முடியாது. போன இடத்தில் எல்லாம் நான் மட்டும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வருவேன், அவள் வாசலில் நிற்பாள். ரவுண்டு பில்டிங்கில் நான் தரகரோடு பேசிக்கொண்டு நின்ற நேரத்தில் ஆளைக் காணோம். நிமிர்ந்து பார்த்தால் மாடி வராண்டாவில் நிற்கிறாள். மூச்சு வாங்கவில்லை.

"எப்படி ஏறுனே?" என்றேன்.

"நான் எங்க ஏறுனேன். அதுபாட்டுக்குத் தூக்கிட்டு வந்திருச்சு" என்றாள்.

அந்த மாடிப்படியைச் சொல்லியாக வேண்டும். கட்டடம் தெரு முக்கில் மூலை வைக்காமல் வளைந்து திரும்பும். அந்த வளைவுக்குள் படி சங்கு மாதிரி சுற்றிக்கொண்டு மேலே போகும். அடியில் முட்டுத் தூண் கிடையாது. ஒவ்வொரு படியும் முக்கால் ஜாண் உயரம்கூட வராது. அகலமோ ரெண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துச் செத்த நேரம் நிற்கலாம். கைப்பிடிச் சுவருக்கு மேலே மொசைக் போட்டு, உள்ளங்கை அடங்குகிற மாதிரி உருட்டி விட்டிருந்தார்கள். பாதி வழியில் ஒரு தட்டு. அந்த இடத்துச் சுவரில் செங்கல் மாதிரிக் கண்ணாடிக் கற்களை வரிசையாகப் பதித்திருந்தார்கள். காலை வெயில் அதற்குள் புகுந்து வந்தால் படியெல்லாம் பால் சிந்தின மாதிரி கிடக்கும். மேற்குப் பக்கம் மெல்லிய சிமெண்டுப் பலகைகளை நட்டக்குத்தலாக நிறுத்தியிருந்ததால் சித்திரை மாதத்துப் பிற்பகலிலும் உள்ளே வெயில் வராது, காத்து வரும். கரண்ட் போனாலும் நாங்கள் கடையைப் பூட்டினதில்லை.

அவள் வெட்டுவாள், தைப்பாள். நான் காஜா எடுப்பேன், பட்டன் வைப்பேன், நூல் வாங்கப் போவேன். கல்யாணப் பெண்ணின் ரவிக்கை என்றால் சேவுகம்பட்டியில் இருந்தெல்லாம் ஆள் வருவார்கள். ரெண்டு பெண் பிள்ளைகளை அந்தக் கடையில் உட்கார்ந்துதான் படிக்க வைத்தோம், கட்டிக்கொடுத்தோம்.

பெரியவர் இறந்து கட்டடம் மகன் கைக்கு வந்தது. மகன் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்வரிசையில் நிற்பார். வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம் தவறமாட்டார். ஒரு நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு, கட்டடம் உறுதியாக இல்லை என்றும், அதை இடித்துவிட்டு லிப்ட், ஏசி எல்லாம் வைத்து காம்ப்ளக்ஸ் கட்டப்போவதாகவும், எல்லாரும் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். மற்றவர்களுக்கு அது ஒரு தொந்தரவு. எங்களுக்கு அப்படி இல்லை. இந்தப் படியை விட்டால் என் வீட்டுக்காரி ஏறுகிற மாதிரி வேறு படி இந்த ஊரில் கிடையாது. தையலும் அதோடு போச்சு.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் கட்டடக் கலை படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு டீச்சரம்மா வந்தார். பிள்ளைகள் டேப்பை வைத்துப் படியை அளந்தார்கள். படுத்துக்கொண்டு அடியில் போட்டோ எடுத்தார்கள். கீழ்க்கடை மெடிக்கல் தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏம்மா, மழை பேஞ்சா என் கடைக்குள்ள குடை பிடிச்சு மாத்திரை குடுக்குறேன். இதைப் போயி அளக்குறீங்களே."

"ஒழுகுறதை அடைச்சிரலாம் சார். இப்படி ஒரு படியை இனிமே யாரு கட்டப் போறா? வெயில், காத்து, மனுசங்க கால், எல்லாத்தையும் யோசிச்சுக் கட்டியிருக்காங்க. கோட்டையைக் காப்பாத்துற மாதிரி இதையும் காப்பாத்தணும்."

என் வீட்டுக்காரி மிஷினில் இருந்து தலையைத் தூக்காமல், "இதைச் சொல்றதுக்கு மதுரையில இருந்து வரணுமாக்கும்" என்றாள். டீச்சரம்மாவே சிரித்துவிட்டார். அப்புறம் இவள் படி ஏறி இறங்குவதைப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

அவர் சொல்லிக் கொடுத்தபடி, கட்டடத்தைப் பழமைப் பட்டியலில் சேர்த்து இடிக்காமல் காக்கச் சொல்லி நாங்கள் ஒரு மனு எழுதிக்கொண்டு கவர்மெண்டு ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார்.

"பழமைன்னா அதுக்கு ஒரு வயசு வேணும்ல. உங்க கட்டடத்துக்கும் இந்த ஆபீசுக்கும் ஒரே வயசுதான் இருக்கும். அப்ப இதையும் சேத்துரலாமா?" என்று மேலே காரை பெயர்ந்த தளத்தைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவிட்டுத்தான் வந்தோம். வேறு என்ன செய்ய.

திரும்பி வந்து டீக்கடையில் நிற்கும்போது மெடிக்கல் தம்பி சொன்னார்: "அண்ணே, கவர்மெண்டு கேக்காட்டி சாமி கேக்கும். படித் தட்டுல ஒரு சாமியை வச்சிருவோம். அதுக்கப்புறம் எவன் கடப்பாறையைத் தூக்குறான்னு பாப்போம்."

"பிள்ளையாரை வைப்போமா?" என்றார் செருப்புக்கடைக்காரர்.

"பிள்ளையாரு எங்காளு, அவரு வேணாம். மொதலாளி உங்காளுல்ல? மாதாவை வைங்க. மாதான்னா அவருக்குக் கை நடுங்கும்."

எனக்கு அது சங்கடமாக இருந்தது. ஊரில் சுவர் ஓரத்தில் அசிங்கம் பண்ணாமல் இருக்கச் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டுவார்களே, அது மாதிரி மாதாவை நிறுத்தலாமா? ஆனாலும் ஆபத்து நேரத்தில் பிள்ளைகள் தாயைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவார்கள் என்றும் தோன்றியது. வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"மாதாவை வாச்மேன் வேலைக்கு வைக்கிறீங்களா?" என்றாள்.

"அப்படிப் பேசாதே."

"நான் பேசல. நீங்க செய்யுறதைச் சொன்னேன்."

எல்லாரும் சேர்ந்து இடுப்பு உயரத்தில் ஒரு மாதா சுரூபம் வாங்கினோம். பங்குச்சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். கண்ணாடிக் கல் வெளிச்சத்தில் மாதாவின் நீல முக்காடு பார்க்க அம்புட்டு அழகாக இருக்கும். நாங்கள் நினைத்ததை விட ஜனம் கூடிவிட்டது. சனிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்ற இடம் போதாது. பூ மார்க்கெட்டில் இருந்து வருகிற பெண்கள் மல்லிகைப்பூவைச் சுற்றிவிட்டுப் போவார்கள், பொட்டு வைத்தவர்கள், வைக்காதவர்கள், எல்லாரும்தான். பல் டாக்டரிடம் வருகிறவர்கள் வலியோடு ஏறும்போது ஒரு தரம் தொட்டுக் கும்பிடுவார்கள். பிள்ளை வரம் கேட்டுக் கைப்பிடிச் சுவரில் நூல் கட்டினார்கள். மெழுகுப் புகையில் சுவர் கறுத்தது. அதுவரைக்கும் வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஜனம் அந்தப் படியில் நின்று, உட்கார்ந்து, நிமிர்ந்து பார்க்கப் பழகியது. "இந்தக் கட்டடத்துக்குள்ள வந்தாலே மனசு குளுந்து போகுதுப்பா" என்று ஒரு அம்மா சொன்னதை நான் காதால் கேட்டேன். மாதாவால் குளிர்ந்ததா, கட்டடத்தால் குளிர்ந்ததா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மொதலாளி ஒரு நாள் இஞ்சினியரோடு வந்தார். தட்டில் ஏறினதும் செருப்பைக் கழற்றினார். முழங்கால் போட்டார். விரலால் மாதாவின் பாதத்தைத் தொட்டு, உதட்டில் வைத்து முத்தி செய்தார். இஞ்சினியர் பின்னால் நின்றுகொண்டு வாட்சைப் பார்த்தார். ரெண்டு பேரும் ஒன்றையும் அளக்காமல் இறங்கிப் போனார்கள். அன்றைக்கு மெடிக்கல் தம்பி எல்லாருக்கும் டீ சொன்னார். "பாத்தீங்களாண்ணே, நம்ம ஆளு வேலையைக் காட்டிட்டாங்க" என்றார். மாதா அவருக்கு எப்போது நம்ம ஆளு ஆனார் என்று கேட்டுச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் பேச்சு மூச்சு இல்லை. பிழைத்தோம் என்றே இருந்தோம்.

பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது மொதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பொய்யாக இல்லை.

"அண்ணே, எனக்கு மனசு கேக்கவே இல்ல. மாதா இப்படிப் படி இடுக்குல, ஜனங்க செருப்புக் காலோட ஏறி இறங்குற எடத்துல இருக்கலாமா? கோயிலுக்குப் பக்கத்துல என் எடத்துல குகை மாதிரி ஒரு கெபி கட்டிட்டேன். மார்பிள் போட்டு, சுத்திக் கண்ணாடி வச்சு. சப்பரம் வச்சு மேளதாளத்தோட கொண்டு போவோம். நீங்கதான் முன்னால தூக்கணும்."

இதற்கு என்ன சொல்வது? மாதாவுக்கு மரியாதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பக்கத்தில் சாமியார் நின்று சந்தோசமாகத் தலையை ஆட்டினார். அவருக்கு இதில் வேறு எதுவும் தெரியாது. நான் சரி என்றேன். மெடிக்கல் தம்பியிடம் சொன்னபோது அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் அவரும், "சாமி காரியம், குறுக்க நிக்கக் கூடாதுண்ணே" என்றுதான் சொன்னார்.

சப்பரத்து அன்றைக்குப் பிற்பகலே கடைகளை எல்லாம் மூடினோம். அது மரியாதை. வீட்டுக்காரி மட்டும் வரவில்லை. அம்புட்டு தூரம் அவளால் நடக்க முடியாது. மறுநாள் கல்யாணத்துக்கு ஒரு ரவிக்கை கொக்கி வைக்காமல் கிடந்தது. "நீங்க போயிட்டு வாங்க. நான் முடிச்சிட்டு இறங்குறேன்" என்றாள்.

நாலு பேர் சேர்ந்து மாதாவைத் தட்டில் இருந்து இறக்கினோம். அந்த அகலமான படியில் சுரூபம் ஒரு இடத்திலும் இடிக்கவில்லை, சாயவில்லை. சப்பரத்தில் வைத்துத் தோளில் ஏற்றினோம். முன் கொம்பு எனக்கு. மெடிக்கல் தம்பி குடை பிடித்தார். மொதலாளி வெறுங்காலோடு மெழுகுவர்த்தி ஏந்தி முன்னால் நடந்தார். ஜெபமாலை சொல்லிக்கொண்டே போனோம். வழியில் வீட்டுக்கு வீடு பூப் போட்டார்கள். கோயில் முக்குத் திரும்பும்போது பின்னால் எங்கோ கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. மைக் செட்டுக்காரனின் ஜெனரேட்டர் என்று நினைத்தேன். ஜெபமாலையில் அடுத்த மணியை உருட்டி மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொன்னேன்.

கெபியில் மாதாவை வைத்து, ஆசீர் வாங்கி, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்பினோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

ரவுண்டு பில்டிங்கைச் சுற்றித் தகரம் அடித்திருந்தது. எங்கள் டீக்கடை பெஞ்சு ஒன்றை எதிர் ரோட்டோரம் இழுத்துப் போட்டு என் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மிஷின். பெட்ஷீட்டில் கட்டின துணி மூட்டை. அவள் தலையெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஒரு விநாடி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் அது சிமெண்டுத் தூசி என்று தெரிந்தது. தகர இடுக்கு வழியாகப் பார்த்தேன். கீழ்ப்படி எல்லாம் போய்விட்டது. தட்டு மட்டும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே போக வழியில்லாமல் எங்கள் கடை அப்படியே இருந்தது.

"கொண்டுபோய் விட்டுட்டு வந்தாச்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நடந்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அப்போது கொஞ்சம், பிறகு கொஞ்சம். நாங்கள் தெருவைத் தாண்டினதுமே ரெண்டு பையன்கள் மேலே வந்திருக்கிறார்கள். "அக்கா, இறங்குங்க, வேலை இருக்கு" என்றார்களாம். என்ன வேலை என்றதற்கு ஒருவன் ரிப்பேர் என்றான், இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டான். இவளுக்குப் புரிந்துவிட்டது. "கொக்கி வச்சு முடிச்சிர்றேன், நாளைக்கு ஒரு பிள்ளைக்குக் கல்யாணம்" என்றாள். அவர்கள் மேல்படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். முடித்ததும் மிஷினை அவர்களே தூக்கினார்கள், துணியை மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். கடைசியாக இவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். "மெதுவாக்கா, அவசரமில்ல" என்று சொன்னானாம் ஒருவன்.

எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். முதல் அடிக்குப் படி அசையவே இல்லையாம். உடைக்கிற மிஷினின் உளி முறிந்து வேறு உளி மாட்டினார்களாம். "என்ன கட்டுடா கட்டியிருக்கான், பாறை மாதிரி இருக்கு" என்று அந்தப் பையன்களே சொல்லிக்கொண்டார்களாம். உறுதி இல்லாத படியை இப்படியா உடைக்க வேண்டியிருக்கும்?

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ரவிக்கைக்காரியின் அம்மா வந்துவிட்டார். அந்த ரோட்டோரத்தில் இவள் மூட்டையைப் பிரித்து, தூசி தட்டி எடுத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்க்க இடம் இல்லை. "அளவு சரியாத்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்றாள்.

மறுநாள் மொதலாளியிடம் போனோம். மெடிக்கல் தம்பி கோபத்தில் கத்தினார். மொதலாளி கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: "நீங்க வச்சீங்கன்னு எனக்குத் தெரியும். எதுக்கு வச்சீங்கன்னும் தெரியும். அப்பவும் மாதா இருந்த எடம்னு நான் ஒரு செங்கல்லைத் தொட்டேனா? எம்புட்டு நாள் காத்திருந்தேன். இப்ப மாதாவை மரியாதையா எடுத்தாச்சு. இனி அது வெறும் கட்டடம்தானே."

மாதா இல்லாவிட்டால் அது வெறும் கட்டடம் என்று நாங்கள்தானே எல்லாருக்கும் பழக்கிவிட்டிருந்தோம்? மாதா வருவதற்கு முன்னாலேயே அந்தப் படி என் வீட்டுக்காரியை எத்தனையோ வருசம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதை நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் என்ன, படி உடைந்து கிடந்தது.

டீச்சரம்மா கேள்விப்பட்டு வந்தார். தகரத்துக்கு உள்ளே போய், கைப்பிடியில் இருந்து உடைந்த மொசைக் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, எடுத்துக்கொள்ளலாமா என்று என் வீட்டுக்காரியிடம் கேட்டார். "எடுத்துக்கம்மா. இனி யாரு கேக்கப் போறா" என்றாள்.

அப்புறம் கட்டடம் முழுவதும் இறங்கியது. இப்போது அந்த இடத்தில் பெரிய பள்ளம் இருக்கிறது. மழைத் தண்ணீர் நிற்கிறது. காம்ப்ளக்சுக்கு என்னமோ தடங்கலாம்.

நாங்கள் வேறு இடம் பார்க்கப் போனோம். புதுக் கட்டடம் ஒன்றில் முதல் மாடி காலியாக இருந்தது. லிப்டுக்கான குழி மட்டும் இருந்தது, லிப்ட் இல்லை. படி ஒடுக்கம். ஒவ்வொன்றும் முழங்காலுக்குப் பாதி உயரம். கைப்பிடி ஸ்டீல் குழாய், வெயிலில் சுட்டது. நான் வேண்டாம் என்றேன். கேட்காமல் ஏறினாள். பாதியில் நின்றாள். மேலேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செல்போன் கடைக்குப் போகிற பிள்ளைகள் "கொஞ்சம் நகருங்கம்மா" என்று சொல்லிச் சொல்லிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறினார்கள். உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினாள். சேலை பின்னால் முழுக்க அழுக்கு. நான் கூட இறங்கி வந்தேன். கை கொடுத்தேன், வாங்கவில்லை.

எங்கள் வீடு ஊருக்கு வெளியே. ரவிக்கை தைக்க அவ்வளவு தூரம் யாரும் வருவதில்லை. இப்போது ஒரு கம்பெனிக்காரன் நைட்டித் துணியை வெட்டின பொட்டலமாகக் கொண்டுவந்து போடுகிறான். எல்லாம் ஒரே அளவு. யாருக்கென்று தெரியாது. கல்யாணப் பெண்ணின் தோளைப் பார்த்தே அளவு சொன்னவள், நாள் முழுக்க நேர்த்தையல் ஓட்டுகிறாள்.

கெபிக்கு நான் சனிக்கிழமை போகிறேன். கண்ணாடிக்குப் பின்னால் மாதா நன்றாகத்தான் இருக்கிறார். பாதத்தைத் தொட முடியாது. அவள் இதுவரை வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வீட்டில் ஜெபமாலை மட்டும் விடவில்லை. ஆரம்பிக்கும் முன்னால் என்ன கருத்துக்காக, எதை வேண்டி ஒப்புக்கொடுக்கிறோம் என்று கேட்பது எங்கள் வழக்கம். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், யாருக்காவது சுகமில்லை, இடையில் ரொம்ப நாள் கட்டடம். நேற்றும் கேட்டேன். கையில் இருந்த நைட்டியை மடித்து வைத்துவிட்டு யோசித்தாள்.

"ஒண்ணும் இல்லங்க. சும்மா சொல்லுங்க" என்றாள்.

எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முதல் பாதியை நான் சொன்னேன், அவள் மறுபாதியைச் சொன்னாள். ஒன்றும் கேட்காமல் ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தது.